பக்கத் தொட்டியின் மரத்தூள் மூட்டை

பாட்டில் அக்கா என்று சொன்னால் சாயப்பட்டறைத் தெருக்களில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மட்டும் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும். "ஆமாங்க, பாட்டில் இல்லன்னா எனக்கு ஒரு நாள்கூட ஓடாது" என்று அவளே எடுத்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவாள்.

அந்தப் பாட்டிலில் இருப்பதை எந்தக் குடிகாரனும் தொட மாட்டான். இருபத்திரண்டு சாயப்பட்டறைகள் துணியை நனைத்து, அலசி, பிழிந்து விடுகிற தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்து, தெருக்கோடியில் இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். அங்கே ஒன்பது இடங்களில் தினமும் தண்ணீர் மொண்டு, பாட்டிலில் அடைத்து, சீட்டு ஒட்டி, சோதனை அறையில் வைக்க வேண்டும். இதுதான் அவள் வேலை. இதில் என்ன பிரமாதம் என்று கேட்பவர்கள் கோடை வெயிலில் ஒரு நாள் அந்தத் தொட்டிகளின் விளிம்பில் ஒன்பது முறை குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த இடத்தில் தண்ணீர் எடுக்கிறோமோ, அந்தத் தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டு, நான்காவது தடவைதான் நிரப்ப வேண்டும். முந்திய நாள் கழுவிய குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு தங்கியிருந்தாலும் கணக்கு தப்பிவிடும். இந்த வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டு தடவையோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது தடவையை யார் பார்க்கப்போகிறார்கள்? பாட்டில் அக்கா பதினோரு வருடமாக மூன்றாவது தடவையையும் அலசினாள். அது பழகிப்போய் வீட்டிலும் தொற்றிக்கொண்டது.

"எனக்குக் குடிக்கத் தண்ணி கேட்டா, அந்தத் தண்ணியிலயே டம்ளரை மூணு தடவை அலசிக் கொட்டிட்டுத்தான் குடுக்கறா" என்று அவள் கணவர் பட்டறையில் புலம்புவார். "கொஞ்சம் விட்டா என்னையும் அலசித்தான் வீட்டுக்குள்ள விடுவா போல."

அவரை அலசினாலும் போகாது. அவர் சாயப்பட்டறையில் துணி சுழலும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர். திங்களன்று முழங்கை வரை நீலம், வியாழனன்று சிவப்பு. அவர் காலையில் திறந்துவிடும் தண்ணீர் பத்தரை மணிக்கெல்லாம் அவள் பாட்டிலுக்கு வந்துவிடும். "நீங்க அனுப்பின நீலம் வந்து சேர்ந்துச்சுங்க" என்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனில் சொல்வாள். கடிதம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்கு அதுவும் ஒரு கடிதம்தான்.

அவள் இந்த நிலையத்துக்கு முதலில் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கை தோல் உரிந்து, இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று அவர் போய்விட்ட அன்று, துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் பாட்டில் கூடையைத் தூக்கினாள். இரண்டு நாளைக்கு என்று தூக்கியது. பத்தாவது வரை படித்த படிப்பு சீட்டு எழுதப் போதுமானதாக இருந்தது. நிறத்துக்கும் ஓர் எண் உண்டு, உப்புக்கும் ஓர் எண் உண்டு என்று கேட்டறிந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த எண்களின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பேனா பருமனில் ஓர் உப்பு மீட்டர் உண்டு. தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். கடைசித் தொட்டியில் மட்டும் முக்கினால் போதும் என்பது உத்தரவு. அவள் ஒன்பது இடத்திலும் முக்கி, ஒன்பது சீட்டிலும் எழுதினாள். பாட்டிலைக் கழுவும்போது அந்தச் சீட்டுகளை உரித்துச் சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பாள். தன் கையெழுத்தைக் குப்பையில் போட மனம் வராது. வேறு காரணம் கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சோதனை நாளன்று மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கடைசித் தொட்டிப் பாட்டில்ல கால் பங்கு நல்ல தண்ணி விட்டுடும்மா. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

"சார், தண்ணிதான் கெட்டுப்போச்சு. பாட்டிலாவது ஒழுங்கா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

மேனேஜர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வெளியிலிருந்து யார் வந்தாலும், "எங்ககிட்ட தண்ணி எடுக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, தலைகீழா நின்னாலும் ஒரு எண்ணை மாத்த மாட்டாங்க" என்று அவளையே காட்டிப் பெருமை பேசினார். சிலருக்கு அடுத்தவர் நேர்மையைக் கொண்டு விருந்து வைக்கும் சாமர்த்தியம் உண்டு.

அப்படிப்பட்டவளைத்தான் இந்த வருடம் தண்ணீர் கலந்தவள் என்றார்கள்.

விவகாரம் பக்கத் தொட்டியில் தொடங்கியது. அது பெரிய தொட்டி நிரம்பினால் வழிவதற்காகக் கட்டிய சின்னத் தொட்டி. அமிலம் விட்டுக் காரத்தை மட்டுப்படுத்திய தண்ணீர் அதில் வந்து சோம்பேறியாக நின்று, மூடிய சின்ன வாய்க்கால் வழியே மெதுவாகக் கசிந்து வெளியேறும். வாய்க்கால் முடிகிற இடம்தான் அவளுடைய ஏழாம் பாட்டில். அங்கே எப்போதும் நிறம் எண்ணூறுக்குக் குறையாது. நான்கு மாதத்தில் அது எழுநூறு, ஐந்நூறு என்று இறங்கி முந்நூறுக்கு வந்து நின்றது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். தான் மாற்றிய சுண்ணாம்பின் மகிமை என்று மேனேஜர் சொல்லிக்கொண்டார். மாசு வாரியத்து அதிகாரியம்மா அந்தத் தாள்களைப் பார்த்ததும் சந்தோஷம் முடிந்தது. பெரிய தொட்டியில் குறையாத நிறம் பக்கத் தொட்டியில் மட்டும் எப்படிக் குறையும்? பாட்டிலில் நல்ல தண்ணீர் கலந்திருக்கிறது என்று கடிதம் வந்தது. அடுத்த செவ்வாய் காலை நேரில் வருவதாகவும், சரியான விளக்கம் இல்லாவிட்டால் நிலையத்தின் மேல் நடவடிக்கை என்றும் அதில் இருந்தது.

புதன்கிழமை மேனேஜர் ஒரு தாளை மேசையில் வைத்தார். 'பாட்டில்களை அலசும்போது என் கவனக்குறைவால் நல்ல தண்ணீர் தங்கிவிட்டது. இதற்கு நானே பொறுப்பு' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"இங்க பாரும்மா, வேலை போகாது. தோட்ட வேலைக்கு மாத்திடறேன். ஒரு கையெழுத்து, எல்லார் தலையும் தப்பிச்சுடும்."

"போடலன்னா சார்?"

"போடலன்னா நீதான் வேணும்னே கலந்தேன்னு நான் எழுதிக் குடுக்க வேண்டி வரும். அப்புறம் இந்த கேட்டுக்குள்ள நீ வர முடியாது."

தான் திருடி பிறரை நம்பாள் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். வேறு எந்தப் பழியைப் போட்டிருந்தாலும் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். அலசவில்லை என்று எழுதியிருந்ததுதான் அவளை உட்காரவைத்தது. செவ்வாய் வரை அவகாசம் கேட்டு, தாளை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கணவர் தாளைத் தன் நீல விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்தார். "தோட்ட வேலைதானே. போட்டுக் குடுத்துட்டுப் போ. நிலையத்தை மூடினா எங்க பட்டறையும் சேர்ந்துதான் மூடும்" என்றார்.

"அப்ப நான் தண்ணி கலந்தேன்னு நீங்களும் நம்பறீங்க."

"நான் நம்பறேனா இல்லையான்னு யாரு கேக்கப்போறா?"

கேட்டுக்கொண்டிருந்தது எதிரே நின்ற பெண்டாட்டி. அது தெரியாமல் அவர் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

மறுநாளும் அதே மௌனம். கோபத்தில் சமைத்தால் கை அளவு மறக்கும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததில் அவள் இரண்டாம் தடவையும் உப்பைப் போட்டுவிட்டாள். கணவர் ருசி பார்த்தார். குறை சொல்ல வாய் திறந்தால் பேச்சு தொடங்கிவிடுமே என்று, சொல்லாமல் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றினார். உப்பு குறைந்தது. நிறமும் வெளிறிப்போனது.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஊற்றினால் இரண்டும் அல்லவா குறையும். ஏழாம் பாட்டிலில் நிறம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. உப்பு குறைந்ததாக அவளுக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சாமான் அலமாரிக் கதவைத் திறந்துவைத்துச் சோதனை அறைக் கெமிஸ்ட் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவள். ஆனால் மேனேஜர் தாளை அச்சடித்த அன்று அவளும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். நான்கு மாதத்து ஏழாம் சீட்டுகளை இருவரும் வரிசையாகப் படித்தார்கள். ஆறாயிரத்து நூறு, ஆறாயிரம், ஆறாயிரத்து ஐம்பது. நிறம் இறங்கிய எந்த வாரத்திலும் உப்பு இறங்கவில்லை.

"அடுப்புல இருக்கறதுல தண்ணிய ஊத்தினா நிறம் மட்டுமாம்மா குறையும்? உப்பும்தானே குறையணும்?" என்றாள் பாட்டில் அக்கா.

கெமிஸ்டுக்கு முகம் மலர்ந்து, உடனே வாடியது. "தண்ணி கலக்கலன்னு இது சொல்லுதுக்கா. ஆனா ப்ளீச்சிங் பவுடர் போட்டிருப்பீங்கன்னு சொல்வாங்க. அது நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. நிறத்தை எது தின்னுச்சுன்னு காட்டினாத்தான் நம்புவாங்க."

எது தின்றது? அவள் கூடையை வைத்துவிட்டுப் பக்கத் தொட்டியின் ஓரம் போய் உட்கார்ந்தாள். தொட்டியில் மொண்டு பார்த்தாள். கருநீலம். வாய்க்கால் முடிவில் மொண்டாள். வெளிறிய தண்ணீர். நடுவே இருப்பது எட்டடி வாய்க்கால், மேலே சிமெண்டுப் பலகைகள். இரண்டாவது பலகையிலேயே அவள் பார்வை போய் நின்றது. ஏன் என்று அப்போது நினைவுக்கு வரவில்லை. கெமிஸ்டைக் கூட்டி வந்து, கடப்பாரையை விட்டு நெம்பி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

உள்ளே வாய்க்காலை அடைத்துக்கொண்டு ஒரு மரத்தூள் மூட்டை கிடந்தது. அதை மூட்டை என்று சொல்ல முடியாதபடி மேலெல்லாம் ஏதோ ஒன்று வெள்ளையாகப் படர்ந்து, தடித்த கம்பளிபோலப் போர்த்தியிருந்தது. ஒரு பக்கம் கருநீலம் முட்டிக்கொண்டு நிற்க, மறுபக்கம் தெளிந்த தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நாற்றமும் இல்லை. மழைக்குப் பிறகு விறகுக் குவியலில் வருமே, அந்த வாசனை.

"பூஞ்சைக்கா" என்று கெமிஸ்ட் மண்டியிட்டுவிட்டாள். "மரத்தைத் தின்கிற பூஞ்சை. மரத்தைக் கரைக்க ஒரு சாறு விடும். அந்தச் சாறு சாயத்தையும் உடைச்சிடும். படிச்சிருக்கேன், கண்ணால பார்த்ததில்ல."

மீன் கிடையாது, தவளை கிடையாது, கொசுகூட முட்டையிட யோசிக்கிற தண்ணீர் அது. அதில் ஓர் உயிர் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. பாட்டில் அக்கா அதை விரல் நுனியால் தொட்டாள். மெத்தென்று இருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. அந்தக் கணத்தில் அவள் அடைந்த மகிழ்ச்சி நிஜம், அதற்கடுத்த கணத்தில் வந்த பயமும் நிஜம். அந்த மூட்டை யாருடையது என்று நினைவு வந்துவிட்டது.

அவளுடையதுதான். நான்கு மாதத்துக்கு முன் வாய்க்கால் சுவரில் விரிசல் விட்டபோது, தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி மூட்டை கட்டி, பூச்சு வேலை முடியும்வரை தண்ணீர் வராமல் அடைத்தவள் அவள். கொத்தனார் வந்து பூசிவிட்டுப் பலகையை மூடிவிட்டுப் போனார். மூட்டையை எடுக்க வேண்டும். பலகையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அன்று உதவியாள் வரவில்லை. மேனேஜரிடம் ஆள் கேட்டாள், பார்க்கலாம் என்றார். துப்புரவுப் பட்டியல் அன்று மாலையே மேலே போக வேண்டும். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று 'மூட்டை எடுத்தாச்சு' என்ற வரிக்கு நேரே டிக் போட்டுவிட்டாள். மறுநாள் பம்பு பழுதாகி எல்லோரும் அதில் விழுந்தார்கள். டிக் இருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை. அவளும் மறந்தாள்.

வாரா வாரம் எல்லாத் தொட்டியையும் வாய்க்காலையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பவர்கள் அந்தப் பலகைக்கு அடியில் மட்டும் கை வைக்கவில்லை. அதனால்தான் அது பிழைத்தது. அவள் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி அவள் சொன்ன பொய்க்கு அடியில் கிடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கெமிஸ்டிடம் அவள் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி வெள்ளைப் படலத்தை மட்டும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் நீலச் சாயத் தண்ணீர், ஒன்றில் சிவப்பு. கெமிஸ்ட் பெண் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள், கணவர் பட்டறையிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்.

"எவ்வளவு வேணும்னு தெரியல, ரெண்டு கேன் எடுத்தேன். காரத்தை மட்டுப்படுத்தித்தான் எடுத்தாந்தேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் கேனில்தான் கொண்டு வருவார்கள். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், டம்ளரை மூன்று தடவை அலசிவிட்டு. சமாதானம் முடிந்தது.

சமையலறை அலமாரியில் நான்கு பாட்டில்கள் ஏறின. நீலத்தில் ஒன்று பூஞ்சையோடு, ஒன்று வெறுமனே. சிவப்பிலும் அப்படியே. பத்தாவது படிக்கும் மகள் சனிக்கிழமை காலை காபிப் பொடி எடுக்கப் போனவள், "அம்மா, பாட்டில்ல நாய்க்குட்டி வால் மாதிரி என்னவோ மிதக்குது" என்று இரண்டடி பின்னால் வந்தாள். ஞாயிறன்று அந்த வால் நீலமாகிவிட்டது. தண்ணீர் கொஞ்சம் வெளிறியிருந்தது. பாட்டில் அக்காவுக்கு மனம் உடைந்தது. சாயத்தை அழிக்கவில்லை, துணிபோல உறிஞ்சித் தனக்குப் பூசிக்கொண்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். திங்கள் மாலை வந்து பார்த்தால் பூஞ்சை மறுபடி வெள்ளையாகத் தொடங்கியிருந்தது, தண்ணீர் இன்னும் வெளிறியிருந்தது. உப்பு மீட்டரை முக்கினாள். உப்பு அப்படியே இருந்தது. சிவப்புப் பாட்டில் மட்டும் கல்லுளிமங்கனாக அப்படியே நின்றது.

அன்று மாலை டிக் கதையைக் கணவரிடம் சொன்னாள்.

"கொத்தனார் மறந்துட்டுப் போனார்னு சொல்லிடு" என்றார் அவர். "அந்த ஆள் இந்த ஊர்லயே இல்ல."

அவள் அதை யோசிக்காமல் இல்லை. உலை கொதிக்கும் வரை யோசித்தாள். நல்ல யோசனைதான், யாருக்கும் கெடுதல் இல்லாத யோசனை. கால் பங்கு நல்ல தண்ணீரைப் போல.

செவ்வாய் காலை அதிகாரியம்மா வந்தார். ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம் இருக்கும் வயது, அதிகம் பேசாதவர், வெயிலுக்குத் துணித் தொப்பி. அவள் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்த தாளை மேனேஜர் கையிலேயே வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். பாட்டில் அக்கா அலமாரிக் கதவைக் காட்டினாள், உப்பு எண்களைப் படித்தாள். பலகையைத் தூக்கச் செய்து மூட்டையைக் காட்டினாள். நான்கு பாட்டில்களையும் தொட்டி விளிம்பில் வரிசையாக வைத்தாள். கெமிஸ்ட் பூஞ்சையைப் பற்றிச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னாள். அதிகாரியம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மூட்டை எத்தனை நாளா இங்க இருக்கு?"

"நாலு மாசமா மேடம்."

மேனேஜர் இதற்காகவே காத்திருந்தவர்போல அலுவலகத்துக்குப் போய்த் துப்புரவுப் பட்டியலோடு திரும்பினார். "மேடம், நாலு மாசம் முன்னாடியே மூட்டை எடுத்தாச்சு. டிக் இருக்கு பாருங்க, இந்தம்மா கையாலயே போட்டது. இப்ப நேத்தோ முந்தாநாளோ கொண்டாந்து போட்டிருக்காங்க. இதெல்லாம் நாடகம்."

அதிகாரியம்மா பட்டியலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கெமிஸ்ட் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. அவளுக்கும் இது புதுச் செய்தி. கொத்தனார் பெயர் பாட்டில் அக்காவின் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"அந்த டிக் பொய் மேடம்" என்றாள். "போட்டது நான்தான். பலகையத் தூக்க ஆள் இல்ல, நாளைக்கு எடுத்துக்கலாம்னு போட்டேன். அப்புறம் மறந்துட்டேன். பதினோரு வருஷத்துல நான் எழுதின பொய் அது ஒண்ணுதான். தண்ணியில நான் எதுவும் கலக்கல." கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றையும் சொன்னாள். "இந்தச் சிவப்பும் போகல மேடம். நீலத்துக்குத்தான் இது வேலை செய்யுது. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரியம்மா தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, வாய்க்கால் முடிவில் தானே குனிந்தார். இந்தத் தண்ணீரைத்தான் வாரியத்துச் சோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போவார். இதில் வருகிற எண்தான் பாட்டில் அக்கா உள்ளே இருப்பதா வெளியே போவதா என்று முடிவு செய்யும். அவர் பாட்டிலை ஒரு தடவை அலசிக் கொட்டினார். இன்னொரு தடவை அலசிக் கொட்டினார். பிறகு நிரப்பப் போனார்.

"மேடம்" என்றாள் பாட்டில் அக்கா. "இன்னும் ஒரு தடவை அலசணும்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே தங்கியிருக்கும் நல்ல தண்ணீர் நிறத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கும், அவளுக்கு அது சாதகம்தான். அந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு ஓடவே இல்லை. பாட்டிலை இரண்டு தடவை மட்டும் அலசுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியாது, அவ்வளவுதான். அதிகாரியம்மா குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். மூன்றாவது தடவை அலசிக் கொட்டிவிட்டு, நிரப்பி மூடினார். எழுந்து, மேனேஜர் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார்.

"அலசும்போது கவனக்குறைவுன்னு எழுதினது யாரு?" என்று கேட்டார். மேனேஜர் தொட்டியைப் பார்த்தார். அதிகாரியம்மா தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து எண்கள் வந்தன. நிறம் முந்நூற்றுப் பத்து. உப்பு ஆறாயிரத்து நாற்பது. நிலையத்தின் மேல் நடவடிக்கை இல்லை. பாட்டில் அக்காவுக்கு மட்டும் பொய்யாக டிக் போட்டதற்காக எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை அவள் ஒளிக்கவில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம், தன் சீட்டுகளுக்கு நடுவே, பசை போட்டு ஒட்டினாள். அதுவும் உண்மையான எண்களோடு இருக்க வேண்டியதுதான் என்பது அவள் எண்ணம்.

பூஞ்சை ஊரைக் காப்பாற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் அவளே மறுப்பாள். உப்பு இன்னும் அப்படியேதான் ஆற்றுக்குப் போகிறது, சிவப்பும் போகிறது. பக்கத் தொட்டி வாய்க்காலில் இப்போது எட்டு மரத்தூள் மூட்டைகள் கிடக்கின்றன, கெமிஸ்ட் வாரா வாரம் எண் பார்க்கிறாள், நீலம் கொஞ்சம் தோற்றுக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் ஆகியிருக்கிறது. இவ்வளவையும் ஆக்கியவள் ஒன்பது பாட்டில் தூக்குகிற ஒரு பெண் என்பதை மட்டும் சொல்லாமல் விட முடியாது.

துப்புரவுப் பட்டியலில் 'மூட்டைகள் பார்த்தாச்சு' என்று புது வரி ஒன்று சேர்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு நாள் உதவியாள் வரவில்லை. மாலை ஐந்து மணி, பட்டியல் மேலே போக வேண்டும். மேனேஜர் அறையிலிருந்து, "டிக் போட்டு அனுப்பும்மா, நேரமாகுது" என்றார்.

பாட்டில் அக்கா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து நின்றாள். "ஆள் இல்ல சார். வந்து பலகையை ஒரு பக்கம் பிடிங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்து, குனிந்து, மறுபக்கத்தைப் பிடித்தார்.